பாஷையின் மேல் பழி

இணையதளம் அமைக்கப் புறப்படும் இளைஞரிடம், பி.எச்.பி. செத்துப்போன நிரல் பாஷை, அதில் எழுதினால் தளம் மந்தமாகிவிடும், பைத்தானைப் பற்றிக்கொண்டால் சகல சங்கடங்களும் தீரும் என்று உபதேசம் செய்யாத அனுபவஸ்தர்கள் இன்று அபூர்வம். இந்த அபிப்பிராயம் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு ஆதாரமற்றது என்பதே என் கட்சி.

வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்டது முதல் அது திரையில் தோன்றும் வரை கழியும் நேரத்தில், பாஷை தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு பெரும்பாலும் அற்பமே. டேட்டாபேஸின் வாசலில் காத்துக் கிடப்பதிலும், படங்களும் ஸ்கிரிப்டுகளும் வந்து சேர்வதிலுமே மிச்சமெல்லாம் கரைகிறது. ஐம்பது கட்டுரைகளின் பட்டியலைக் காட்டுவதற்காக, ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரையும் தனித்தனியே விசாரித்து, பட்டியலுக்கான ஒன்றையும் சேர்த்து ஐம்பத்தொரு தடவை டேட்டாபேஸைத் தட்டி எழுப்புகிறவர், பைத்தானுக்குக் குடிபெயர்ந்தாலும் அதே ஐம்பத்தொரு தடவை தட்டத்தான் போகிறார். பைத்தானில் தளம் அமைக்க உதவும் ஜாங்கோ சட்டகத்தில் அந்தத் தட்டல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் என்பது ஒன்றே வித்தியாசம். வெறும் கணக்கீட்டு வேகத்தை ஒப்பிட்டாலோ, 2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பு வெளிவந்த பின், பி.எச்.பி.யே பல சோதனைகளில் சாதாரணப் பைத்தானை முந்துகிறது. உலகமெல்லாம் வாசிக்கும் விக்கிப்பீடியா 2002 முதல் இந்தச் "செத்த" பாஷையிலேயே ஜீவித்து வருகிறது. முன்பே தயாரித்த பக்கங்களைக் கேஷில் வைத்துப் பெரும்பாலான வாசகர்களுக்கு வழங்கும் சாமர்த்தியமே அதன் வேகத்தின் ரகசியம்.

பழைய பி.எச்.பி.யின் தோஷங்களை நான் மறைக்க விரும்பவில்லை. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தம் சொந்தப் பக்கத்துக்காகச் செய்து 1995இல் வெளியிட்ட கருவிகளிலிருந்து திட்டமில்லாமல் வளர்ந்தபடியால், ஃபங்ஷன்களின் பெயர்களில் ஒழுங்கில்லை. 2020இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, பூஜ்யமும் ஏதோ ஒரு சொல்லும் சமமா என்று கேட்டால், சமம் என்று கூசாமல் பதில் சொல்லிவந்தது. ஆனால் பைத்தான் 2008இல் மூன்றாம் பதிப்புக்குத் தாவியபோது பழைய நிரல்கள் முறிந்து, 2020 வரை இரண்டு பதிப்புகளையும் சுமந்து நிரலாளர்கள் தவித்ததை இந்தக் கண்டனக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். (பாஷைகளுக்கும் ஜாதி கற்பிக்கும் சுபாவம் நம்மை விடவில்லை போலும்.)

இன்னொன்று: பி.எச்.பி. நிரல், வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து, பதில் தந்ததும் சகலத்தையும் துறந்து மடிகிறது. ஒருவருக்கு நேர்ந்த பிழையின் எச்சம் அடுத்தவரைத் தீண்டுவதில்லை. மலிவான ஹோஸ்டிங்கில் கோப்புகளை ஏற்றினால் போதும், தளம் நடக்கும். சிறு கடைக்காரருக்கு இது அற்ப லாபமன்று.

தளத்துக்குள்ளேயே இயந்திரக் கற்றல் நடக்க வேண்டுமா, கூட வேலை செய்பவர்களுக்குப் பைத்தானே பரிச்சயமா, தாராளமாக அதையே தேர்ந்துகொள்ளட்டும். அது காரணத்தோடு கூடிய தேர்வு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை, நாகரிகம் மாறிவிட்டதென்று அடியோடு திருப்பி எழுதச் சொல்பவர்களிடமோ, டேட்டாபேஸ் தாமதமாகப் பதில் தந்த கேள்விகளைக் குறித்து வைக்கும் ஸ்லோ குவெரி லாகைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.