காமிராவுக்குள் 300 வோல்ட்!

பழைய டிஜிட்டல் காமிராக்களுக்கு மறுபடியும் யோகம் வந்திருக்கிறது.

சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் காமிராக்கள் அவை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஓடி ஓடிப் படம் எடுத்தன. பிறகு நல்ல காமிரா வைத்த செல்போன் வந்தது. சின்னக் காமிரா பீரோவுக்குள் போயிற்று.

2010-ம் ஆண்டில் உலகம் முழுவதற்கும் ஜப்பானியக் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் சுமார் 12 கோடி. 2023-ம் ஆண்டில் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி ஒரு வீழ்ச்சி வேறு எந்தச் சாமானுக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் காமிராவைத் தேடுகிறார்கள். "அம்மா, அப்பாவோட அந்தப் பழைய காமிரா எங்கே?" என்று கேட்கிறார்கள். செல்போன் படத்தைவிட அதில் எடுக்கும் படம்தான் அழகு என்பது அவர்கள் கட்சி. பல நாடுகளில் இந்த ஆசை பரவியிருக்கிறது.

ஆசையில் தப்பு இல்லை. ஆனால், வருஷக்கணக்கில் தூங்கிய காமிரா எழுப்பியவுடனே ஓடுமா? மூக்கை நீட்டும், பாதியில் நின்றுவிடும். அல்லது அசையவே அசையாது. உடனே பையன் என்ன செய்கிறான்? ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்துவிடுகிறான்.

பெற்றோர்களே, அந்த இடத்தில் அவன் கையைப் பிடியுங்கள்!

பளிச் விளக்கு

காமிராவில் இருப்பதோ சிறு பாட்டரி. அதன் சக்தி 3 அல்லது 4 வோல்ட். அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. "இதில் என்ன ஷாக் அடிக்கப் போகிறது?" என்று பிள்ளை கேட்பான். கேள்வி நியாயமானது. பதில்தான் அவனுக்குத் தெரியாது.

இருட்டில் படம் எடுக்கும்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கிறது அல்லவா? அந்த வெளிச்சத்துக்கு 3 வோல்ட் போதாது. ஆகவே காமிராவுக்குள் ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. அது பாட்டரியின் மின்சாரத்தைச் சுமார் 300 வோல்ட் ஆக உயர்த்துகிறது. உயர்த்தியதை ஒரு குப்பியில் சேர்த்து வைக்கிறது. அந்தக் குப்பிக்கு மின்தேக்கி என்று பெயர். கடைக்காரர்கள் 'கெப்பாசிட்டர்' என்பார்கள். கட்டைவிரலில் பாதி அளவு இருக்கும். உருளை வடிவம். மேலே கறுப்பு உறை.

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். இந்தக் குட்டி உருளைக்குள் இருப்பது அதைவிட அதிகம்!

பாட்டரியைக் கழற்றிவிட்டால் போதாதா? போதாது. கழற்றிய பிறகும் மின்சாரம் அதற்குள் நெடுநேரம் நிற்கும். சில காமிராக்களில் நாள்கணக்கிலும் நிற்கும். மேல் மூடியைத் திறந்தவுடன் விரல் படும் இடத்திலேயே அதன் முனைகள் இருக்கும். பட்டால் கை தூக்கி எறியப்படும். விரல் பொசுங்கும். சேர்ந்திருக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். எல்லோரையும் கொன்றுவிடும் என்று சொல்லிப் பயமுறுத்துவது நம் நோக்கம் அல்ல. ஆனால், இருதய நோய் உள்ளவருக்கு அது விளையாட்டல்ல. உதறிய வேகத்தில் கை எதில் போய் இடிக்கும் என்பதும் தெரியாது.

தொழில் தெரிந்தவர்கள் முதலில் அந்த உருளையைக் காலி செய்வார்கள். அதற்கென்று மின்தடை வைத்திருப்பார்கள். மீட்டர் வைத்து, வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே கை வைப்பார்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்' என்று வெடிக்க வைக்கும் ஆசாமிகளும் உண்டு. அது வித்தை அல்ல. பொறி பறந்து காமிராவும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

துடைப்பவர் வேறு, பிரிப்பவர் வேறு

கோடம்பாக்கத்துக்குக் காமிரா புதிது அல்ல. 1948-ம் ஆண்டில் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. அந்தக் காலத்துக்கு முன்பும் பின்பும் காமிராவை நம்பிச் சோறு தின்ற குடும்பங்கள் ஆற்காடு ரோட்டின் இருபுறமும் ஏராளம். பிலிம் சுருள் ஓடிய நாளில், ஒரு ஷாட் முடிந்தவுடன் காமிரா உதவியாளர் பிலிம் ஓடும் வாசலைத் திறந்து பார்ப்பார். ஒரு தூசி, ஒரு மயிரிழை இருந்தாலும் ஷாட் மறுபடி எடுக்க வேண்டும். அவர் கையில் ரப்பர் குமிழ் இருக்கும். மெல்லிய தூரிகை இருக்கும். லென்சைத் துடைப்பார், மூடி போடுவார், பெட்டியில் வைப்பார்.

ஆனால், காமிராவைப் பிரிக்க மாட்டார்! இயந்திரத்தில் கோளாறு என்றால் அதற்கு மெக்கானிக் வருவார்.

இந்தப் பழக்கம்தான் நம் வீட்டுக்கும் ஏற்றது. துடைப்பது, உலர்த்துவது, பாட்டரி மாற்றுவது நம் வேலை. ஸ்குரூவைத் திருகுவது நம் வேலை அல்ல.

'காமிரா செத்துவிட்டது' என்று சொல்வதில் பாதி, பாட்டரியின் குற்றம்தான். சில காமிராக்கள் இரண்டு பென்சில் செல்லில் ஓடும். பெட்டிக்கடையில் சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் சாதாரண செல்லை அதில் போட்டால் மூக்கு வெளியே வரும், அத்துடன் நின்றுவிடும். லென்சைத் தள்ளும் மோட்டாருக்கும் பளிச் விளக்குக்கும் தேவையான வேகத்தில் மின்சாரம் தர அந்தச் செல்லுக்குத் தெம்பு கிடையாது. ஆல்கலைன் செல் அல்லது சார்ஜ் செய்யும் நிக்கல் செல் போட்டுப் பாருங்கள். பழைய செல் உள்ளேயே கசிந்து வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாய்க் காய விடுங்கள். கையில் படாமல் செய்யுங்கள்.

தட்டையான லித்தியம் பாட்டரி என்றால் முதலில் அதன் வயிற்றைப் பாருங்கள். உப்பியிருக்கிறதா? தூர வையுங்கள். அதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. குத்தினால் தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

(ஒரு விஷயம். காமிராக்காரன் பாட்டரிக்கு ஒரு கதவு வைத்தான். நாமே திறந்து நாமே மாற்றினோம். செல்போன்காரன் அந்தக் கதவையும் மூடிவிட்டான்! ஐரோப்பிய நாடுகள் 2023-ம் ஆண்டில் சட்டம் போட்டு அந்தக் கதவை மறுபடி திறக்கச் சொல்லியிருக்கின்றன. 2027-ம் ஆண்டு பிப்ரவரி வரை கம்பெனிகளுக்கு வாய்தா.)

கடற்கரை மணல்

மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் போகாத சென்னைக் குடும்பம் உண்டா? குழந்தை அலையில் நிற்கும். அப்பா படம் எடுப்பார். காற்றில் மணல் பறக்கும்.

காமிராவின் மூக்கு ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கும் இரண்டு மூன்று குழல்களால் ஆனது. குழல்களுக்கு இடையே நூலளவு இடைவெளிதான். பட்டாணியை விடச் சிறிய பல்சக்கரங்கள் அவற்றைத் தள்ளுகின்றன. அங்கே ஒரு மணல் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். 'லென்ஸ் கோளாறு' என்று எழுத்துக் காட்டிவிட்டுக் காமிரா படுத்துவிடும்.

அப்போது மூக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே தள்ளவும் தள்ளாதீர்கள். சக்கரத்தின் பல் உடைந்தால் மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. காமிராவைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையைப் பார்க்கட்டும். குழல் ஓரத்தில் ரப்பர் குமிழால் காற்று அடியுங்கள். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். முழுச் சார்ஜ் ஏறிய பாட்டரியைப் போட்டு மறுபடி முயலுங்கள். பல காமிராக்கள் இதிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

வாயால் ஊதினால் எச்சில் போய்ச் சேரும். சைக்கிள் கடைக் காற்றை அடித்தால் மணல் இன்னும் உள்ளே போகும். தையல் மிஷின் எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். விடவே கூடாது. எண்ணெய் ஊர்ந்து போய் லென்சில் படியும். தூசியையும் கூட்டிக்கொண்டு வரும். வேட்டி நுனியாலும் முந்தானையாலும் லென்சைத் துடைப்பதும் வேண்டாம். துணியில் ஒட்டிய தூசி, கண்ணாடிமேல் உள்ள பூச்சைக் கீறிவிடும். முதலில் தூரிகை, பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி.

ஆயுத பூஜையில் காமிராவுக்குப் பொட்டு வைக்கிறோம். வையுங்கள். ஆனால், பொட்டு காமிராவின் பைமேல் இருக்கட்டும். குங்குமமும் மணலைப் போன்ற பொடிதான்.

வெள்ளமும் ஈரமும்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவை மறக்க முடியுமா? அடையாறு பொங்கி, சாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் தண்ணீரில் மிதந்தன. அன்று கெட்ட பீரோக்களுக்கும் அதிலிருந்த படங்களுக்கும் கணக்கு இல்லை.

நனைந்த காமிராவைச் சேற்றிலிருந்து எடுத்ததும் 'ஓடுகிறதா' என்று பொத்தானை அமுக்கத் தோன்றும். அதுதான் அதைக் கொல்லும். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் சுற்று கருகிவிடும். பாட்டரியையும் அட்டையையும் உடனே கழற்றுங்கள். கதவுகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். கொளுத்தும் வெயில் வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம். தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். கடல் தண்ணீர் என்றால் நம்பிக்கை குறைவு. உப்பு அரிக்கத் தொடங்கிவிடும்.

காமிரா போனாலும் அட்டை பெரும்பாலும் போகாது. நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திப் படம் அதில் பத்திரமாக இருக்கக்கூடும்.

வெள்ளம் வராவிட்டாலும் சென்னைக் காற்றே ஈரம். தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டினால், லென்சில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறும் மணிகளில் சில விஷம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது. மாதம் ஒரு முறை எடுத்து நாலு படம் எடுங்கள்.

ஈரமும் சூடும் எவ்வளவு கொடியவை என்பதற்கு 2005-ம் ஆண்டே சாட்சி. அந்த ஆண்டு பல பெயர்களில் விற்ற காமிராக்களில் படம் ஊதா நிறமாகவும் கோடு கோடாகவும் வந்தது. சில காமிராக்களில் படமே வரவில்லை. வாங்கியவர்கள், தாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார்கள். உண்மை வேறு. படம் பிடிக்கும் சில்லுக்குள் இருந்த நுண்கம்பிகளின் ஒட்டு, சூட்டிலும் ஈரத்திலும் விட்டுப் போயிற்று. சில்லைச் செய்தது சோனி கம்பெனி. சோனியும், அந்தச் சில்லை வாங்கிய கேனன், பியூஜி முதலிய கம்பெனிகளும் குறையை ஒப்புக்கொண்டன. இலவசமாகவே மாற்றிக் கொடுத்தன. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் பழைய காமிராவில் படம் ஊதாவாக வந்தால், செலவு செய்து சில்லை மாற்றுவது வீண்.

கடையில் கொடுக்கும் முன்

ரிச்சி தெருவிலோ, வேறு கடையிலோ கொடுப்பதற்கு முன்பு அட்டையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் சில காமிராக்கள் உள்ளேயே கொஞ்சம் படம் வைத்திருக்கும். அதையும் நகல் எடுத்துவிட்டு அழியுங்கள். வீட்டுப் பெண்களின் படமும் குழந்தைகளின் படமும் ஊரார் கையில் போக வேண்டாம். காமிராவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எவ்வளவு ஆகும்? மாற்றுகிற பழைய சாமானைத் திருப்பிக் கொடுங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். ரசீது கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

ஆனால், மெக்கானிக் நல்லவராக இருந்தும் வேலை நடக்காமல் போகிறதே, அதுதான் பெரிய குறை. "சாமான் வருவதில்லை, சார்" என்கிறார். ஒரு பல்சக்கரத்துக்காக, செத்த காமிரா இரண்டை வாங்கி அறுக்க வேண்டியிருக்கிறது. எப்படிப் பிரிப்பது என்ற குறிப்பைக் கம்பெனிகள் வெளியார் கண்ணில் காட்டுவதில்லை.

மத்திய அரசு 2022-ம் ஆண்டில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு திட்டத்தைப் பேசியது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் ஓர் இடமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம் என்று நான்கு இனங்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். காமிரா என்று தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு சாமானை விற்ற கம்பெனி, விற்பதை நிறுத்திய பிறகும் இத்தனை ஆண்டு உதிரிச் சாமான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். பிரிக்கும் முறையையும் 300 வோல்ட் எச்சரிக்கையையும் அந்தந்த நாட்டு மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும். தமிழில் கொடுத்தால் கோடம்பாக்கத்துப் பையன் படித்துப் புரிந்துகொள்வான்.

சாமான் மட்டும் அல்ல, அட்டையும் மறைந்துகொண்டிருக்கிறது. 2002-ம் ஆண்டில் ஒலிம்பஸ், பியூஜி கம்பெனிகள் கொண்டுவந்த 'எக்ஸ்.டி.' என்ற சின்ன அட்டையை இப்போது யாரும் செய்வதில்லை. அதைப் படிக்கும் கருவியும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. உங்கள் பீரோவில் அப்படி ஓர் அட்டை இருந்தால், காமிராவைச் சரிசெய்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் படங்களை நகல் எடுங்கள். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் அண்ணன் வீட்டில்.