கெடு இருக்கட்டும், கேள்வி நம்மூருடையதாகட்டும்

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "வீட்டுவேலை காணாது சேர், பிள்ளை சும்மா திரியுறான்" என்பார். அடுத்த வாங்கில் இருக்கும் தகப்பன், "பள்ளிக்கூடத்துப் பாடத்த பள்ளிக்கூடத்துலயே முடிச்சு விடுங்க சேர்" என்பார். ரத்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் 7ஆம், 8ஆம் தரங்களுக்குத் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இரண்டு பக்க நியாயமும் புரிகிறது. என் பதில் இதுதான்: கட்டுரைக்குக் கெடு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் கெடுவுக்குள் பிள்ளை எதை எழுதுகிறது, எங்கே உட்கார்ந்து எழுதுகிறது என்பதை நாம் யோசிக்காவிட்டால், கெடு என்பது வெறும் கொப்பி சேர்க்கும் நாளாகிவிடும்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்று தலைப்புக் கொடுக்கிறோம். திங்கள் காலை கொப்பி வேண்டும். எங்கள் வகுப்பில் கடலைக் கண்ட பிள்ளைகள் சிலபேர்தான். இருந்தும் திங்களன்று கொப்பிகள் வந்துவிடும், எல்லாவற்றிலும் சூரியன் ஒரே வாக்கியத்தில் மறையும். யாரோ ஒருவர் மாத்தளை டவுனில் வாங்கிய கட்டுரைப் புத்தகம் ஞாயிறு முழுக்க லயம் லயமாகக் கைமாறியிருக்கும். நேரத்துக்கு வந்த கொப்பி என்று அதற்கு நாமும் சரி போட்டு ஒப்பமிடுகிறோம்.

கொண்டு வராத பிள்ளைகளை எழுப்பிக் கேட்டால், "தம்பி கொப்பியக் கிழிச்சிட்டான் சேர்" என்று பதில் வரும். சாக்கு என்று தள்ளிவிட முடியாது. எட்டடிக் காம்பராவில் மேசைக்கு இடமில்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சேரும்வரை தம்பி தங்கச்சியைப் பார்ப்பதும், அடுப்பு மூட்டுவதும் பெரும்பாலும் 12, 13 வயது மூத்த பெண்பிள்ளைதான். அவள் இஸ்தோப்பில் கொப்பியை விரிக்கும்போது வெளிச்சம் போயிருக்கும். தாமதத்துக்குப் புள்ளி குறைத்தால் அடி விழுவது சோம்பேறிக்கு அல்ல, இவளுக்குத்தான். சீனாவில் 2021இல் வீட்டுவேலைக்கு நேர வரம்பு வைத்தார்கள். நடுநிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு நிமிடக் கணக்கைவிட முதலில் வேண்டியது எழுத ஓர் இடம்.

அந்த இடம் வகுப்பறையிலேயே இருக்கிறது. முதல் பிரதியை வகுப்பில், இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்து எழுதவைக்கலாம். வீட்டுக்குப் போவது விசாரிக்கும் வேலை மட்டும். கெடுவையும் திங்களிலிருந்து புதனுக்குத் தள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், அன்று கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுத இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். புதன் என்றால் புதன்தான், அதில் இளக்கம் வேண்டாம். கெடு இல்லாத கட்டுரையை நான் உட்பட எவரும் எழுதி முடிப்பதில்லை.

இனி எதை விசாரிப்பது? இங்கேதான் பொது அறிவுப் போட்டி கைகொடுக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதில் அப்படியொரு மோகம். நாடு, தலைநகர், நாணயம் என்று கோடு போட்டுத் தனிக் கொப்பியே வைத்திருப்பார்கள். மொங்கோலியாவின் தலைநகரைக் கேளுங்கள், கடைசி வாங்கிலிருந்து 'உலான் பாட்டர்' என்று குரல் வரும். மாத்தளைக்கு ரயில் எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள், வகுப்பு கூரையைப் பார்க்கும்.

1880 என்று விடையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் இன்னொரு உலான் பாட்டர்தான். ரயில் எதை ஏற்றிப்போக வந்தது? கோப்பியை. அந்தக் கோப்பிக்கு என்ன ஆனது? 1869இல் தென்பட்ட இலைநோய் அதைத் தின்று தீர்த்தது. அதன் பிறகு இந்த மலைகளில் என்ன நட்டார்கள், உன் வீட்டில் யார் அதில் வேலை செய்தார்கள்? ஒரு சொல்லில் விடை முடியாத இடத்தில் கட்டுரை தொடங்கிவிடுகிறது. இப்படி எத்தனையோ கேள்விகள் இந்த மாவட்டத்தில் கிடக்கின்றன. பல்லவர் பாணியைக் காட்டும் நாலந்த கெடிகேயை, போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டினார்களே, ஏன்? மன்னாரில் இறங்கித் தம்புள்ளைக் காட்டு வழியே நடந்து வந்த சனம் மாத்தளையில் முத்துமாரியம்மனை ஏன் கும்பிட்டது? வழியில் காலராவுக்கு எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

கொக்கோவை எப்படிக் காயவைப்பார்கள் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை, ஆகவே அதுவே அந்த வாரக் கட்டுரை. ஒரு பிள்ளை தன் அப்பாயியைக் கேட்டு எழுதி வந்தாள்: பெட்டியில் வாழையிலை மூடிப் புளிக்கவைத்த கொட்டையைத் திறந்தால் கள்ளு வாடை வருமாம், பிறகு களத்தில் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிப் புரட்டுவார்களாம், சாயந்தரம் பாதம் சிவந்து போயிருக்குமாம். றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் அந்தப் பாதத்தை எந்தக் கட்டுரைப் புத்தகத்திலிருந்தும் அவள் எடுத்திருக்க முடியாது.

கேள்வி கேட்டு நினைவுபடுத்துவது படித்ததை நிலைக்கவைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் ஆய்வில் காட்டினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் சொன்னார்கள். வினாவிடையை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நினைவோடு நின்றுவிடவும் கூடாது. அதைச் சொல்ல நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வாய்வழியாக மனனம் செய்து காத்த திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் மனனம் செய்தவர்களையே கொண்டுபோய்விடுமோ என்று அஞ்சி, கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதிவைத்தது அளுவிகாரையில்தான். அந்தப் பிக்குகளுக்கு இருந்த அவசரம் நமக்கும் இருக்கிறது. கொக்கோக் களத்தைக் கண்ட அப்பாயிமார் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள்.

கெடுவும் போட்டியும் எழுத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு மலையக இலக்கியமே பதில். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' ஆயின. தோட்டப் பாடசாலை ஆசிரியராயிருந்த தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் பெயர் பெற்றவர். நம் மாத்தளையிலிருந்து மலரன்பன், வடிவேலன், சோமு மூவரும் 'தோட்டக்காட்டினிலே' என்று சேர்ந்து தொகுப்பே போட்டார்கள். அவர்கள் எவரும் காணாத கடற்கரையைப் பற்றி எழுதி எழுத்தாளர் ஆகவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் பொதுத் தலைப்புத்தானே வருகிறது என்று கேட்பீர்கள். வரட்டும். தான் கண்டதை, கேட்டதை நான்கு பந்தியில் ஒழுங்காக எழுதப் பழகிய பிள்ளை, பரீட்சையில் எந்தத் தலைப்பு வந்தாலும் சமாளிக்கும். பார்த்தெழுதியே பழகிய பிள்ளைக்குப் புத்தகம் இல்லாத மண்டபத்தில் கை ஓடாது.

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலயக் கல்விப் பணிமனை தமிழ்மொழித் தினக் கட்டுரைப் போட்டியில் ஒரு தலைப்பையாவது மாவட்டத்திலிருந்து எடுக்கட்டும். ஆசிரியர்களாகிய நாம் அடுத்த தவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையையாவது எழுதுவதற்கென்றே ஒதுக்குவோம். பிந்தி வந்த கொப்பிக்கு எத்தனை புள்ளி குறைப்பது என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பார்த்தெழுதி நேரத்துக்கு வந்த கொப்பிக்கு முழுப் புள்ளி போடுவதை முதலில் நிறுத்துவோம்.