"இல்லை" என்று சொல்லத் தெரியாத மெமரி

2004 ஜனவரி 21. செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நாசாவின் ஸ்பிரிட் ரோவர் திடீரென்று பேச்சை நிறுத்தியது. பிறகுதான் தெரிந்தது, அது இரவிலும் தூங்காமல் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகி, பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது என்று. சக்கரம் உடையவில்லை, ஆன்டெனா போகவில்லை. உதைத்தது மெமரிக் கணக்கு.

ஸ்பிரிட்டில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம். இதில் மெமரி அடுக்கடுக்காகப் பிரிக்கப்படும். அடியில் மொத்த ராம், 128 எம்பி. அதற்கு மேல் சிஸ்டத்தின் பொதுக் குவியல். அதிலிருந்து சில பகுதிகளுக்குத் தனி ஒதுக்கீடு. கம்பெனியின் மொத்த நிதி, அதிலிருந்து துறைக்குத் துறை பட்ஜெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

256 எம்பி ஃபிளாஷில் இருந்த ஃபைல்களின் பட்டியலை ஃபைல் சிஸ்டம் ராமில் வைத்திருந்தது. ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்களும் அதில் அடக்கம். பட்டியல் வீங்கி, தனி ஒதுக்கீடு தீர்ந்தது. அங்கேயே "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் செட்டிங் எப்படி இருந்தது தெரியுமா? தீர்ந்தால் பொதுக் குவியலிலிருந்து வரம்பில்லாமல் எடுத்துக்கொள்! அதுவும் தீர்ந்தபோது, மெமரி கேட்ட டாஸ்குக்குப் பதிலே வரவில்லை. அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் ரீசெட். எழுந்ததும் மறுபடி அதே பட்டியல், அதே பற்றாக்குறை.

ஃபிளாஷைத் தொடாமல் பூட் ஆகும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, ஃபைல்களை அழித்து மீட்டார்கள். 90 நாளுக்கென்று போன வண்டி 2010 வரை பேசியது.

ராமைக் கூட்டியிருந்தால் போதுமே என்பார்கள். போதாது. விபத்து கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். அடுக்குகள் இருப்பது பாதுகாப்பு அல்ல. அடுக்குகளுக்கு நடுவே சுவர் இருப்பதுதான் பாதுகாப்பு. நாசாவின் ஜேபிஎல்லைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, புரோகிராம் தொடங்கிய பிறகு புதிதாக மெமரி கேட்கவே கூடாது என்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஹீப்_1 இன்னும் கறார்: கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழியே அதில் கிடையாது.

இப்படி ஒதுக்கினால் ஒரு பக்கம் மெமரி சும்மா கிடக்க, இன்னொரு பக்கம் பஞ்சம் வருமே? வரும். நம் லேப்டாப்பில் அது வீண்தான், பகிர்ந்துகொள்வதே லாபம். ஆனால் நேரம் தவறினால் ஆபத்தாகிற இடங்களில், சும்மா கிடக்கும் அந்தச் சில கிலோபைட்டுகள் நஷ்டம் அல்ல. இன்ஷூரன்ஸ் பிரீமியம்.