முகாம் போதும், ஆஸ்பத்திரிக் கதவைத் திறங்கள்!

2012 ஜனவரி. பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளி. மாணவர்களின் மேசைதான் ஆபரேஷன் மேசை. டார்ச் லைட் வெளிச்சத்தில், இரண்டே மணி நேரத்தில், 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். செய்தவர் ஒரே ஒரு டாக்டர்!

2014 நவம்பர் 8. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே, பூட்டிக் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிடம். அங்கும் ஒரே டாக்டர்தான். சில மணி நேரத்தில் 83 பெண்கள். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசே போட்ட விதி. அந்த வாரம் அந்த மாவட்டத்து முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்து போனார்கள்.

கருவியில் குறையா, கொடுத்த மாத்திரையில் குறையா என்று பிறகு நிறைய வாதம் நடந்தது. நடக்கட்டும். ஆனால் 83 பேர் ஏன் ஒரே நாளில் வரிசையில் நிற்க வேண்டும்? பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் யாராவது முகாம் போடும்வரை காத்திருக்கிறார்களா? கருத்தடைக்கு மட்டும் ஏன் இந்தத் திருவிழாக் கூட்டம்?

முகாம் என்றாலே எண்ணிக்கைதான். அந்த அவசரத்தில் விளக்கிச் சொல்ல நேரமில்லை, யோசிக்கவும் நேரமில்லை. "வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போகும் பெண்ணுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. இதற்குப் பெயர் சம்மதமா?

அராரியா சம்பவம் தொடர்பாக தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த வழக்கில், 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்துங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பலப்படுத்துங்கள். இரண்டாவது பாதி நடக்காவிட்டால் முதல் பாதியால் பயனில்லை. முகாமை மூடிவிட்டு, உள்ளூரில் எதையும் திறக்காவிட்டால், நஷ்டம் அதே பெண்களுக்குத்தான்.

"ஊருக்கு ஊர் சர்ஜனுக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். சர்ஜன் எதற்கு? காப்பர்-டி பொருத்தவும் எடுக்கவும் பயிற்சி பெற்ற செவிலியர் போதும். சிறு கீறல் போட்டுச் செய்யும் பெண் கருத்தடையையும், தழும்பில்லா வாசக்டமியையும் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டரே செய்யலாம். அரசு வழிகாட்டு நெறிகளே அனுமதிக்கின்றன. லேப்ராஸ்கோப்புக்குத்தான் நிபுணர் வேண்டும். பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனும் செய்துகொள்வது தமிழ்நாட்டில் பழகிப்போன விஷயம். முகாம் இல்லாமலும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பத்து ஆண்டு வரை பலன் தரும், வேண்டாம் என்றால் எடுத்துவிடக்கூடிய காப்பர்-டி? 2.1 சதவீதம். கணவன் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்கள்? 0.3 சதவீதம்!

அதாவது, நூறு பெண்கள் கத்திக்குப் படுத்தால், ஒரு ஆண்கூட இல்லை. இத்தனைக்கும் வாசக்டமிதான் சுலபமானது. மரத்துப் போக ஒரு ஊசி, சில நிமிட வேலை, அன்றே வீடு. மூன்று மாதம் மட்டும் ஆணுறை வேண்டும். ஆண்மையும் போகாது, உழைக்கும் பலமும் குறையாது. ஊரைக் கூட்டி முகாம் போட்டால் எந்த ஆண் வருவான்? பக்கத்து ஆஸ்பத்திரியில் சாதாரண நாளில், சத்தமில்லாமல் செய்துகொள்ள முடிந்தால் கொஞ்சமாவது யோசிப்பான்.

எல்லா முறைகளும், எல்லா நாளும், பக்கத்திலேயே. பொருத்தத் தெரிந்தவரோடு எடுக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்க வேண்டும். இது சலுகை அல்ல. தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்ய ஒரு பெண்ணுக்குத் தேவையான குறைந்தபட்ச ஏற்பாடு.