செல்போனில் விளையாடினால் உருப்படமாட்டானா?

தேவதானம்,–

காலை நேரத்தில் தேவதானம் பஸ் நிறுத்தத்தைப் பாருங்கள். ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், ஆபீசு குமாஸ்தாக்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் நிற்பார்கள்.

பலர் கையில் செல்போன். ஒருவர் கலர் மிட்டாய்களை வரிசையாகச் சேர்த்து வெடிக்க வைக்கிறார். இன்னொருவர் லூடோ காய் நகர்த்துகிறார். ஒரு வாலிபர் காரை விரட்டிக்கொண்டு போகிறார். பஸ் வந்தது கூடத் தெரியவில்லை!

பக்கத்தில் நிற்கும் பெரியவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஏலே, பொழுது விடிஞ்சா பொழுது அடைஞ்சா இதே சோலியாலே? நீ உருப்படுவியா?"

இந்தக் கேள்வி சேத்தூரிலும் கேட்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்கிறது. மதுரையில் கேட்கிறது, சென்னையிலும் கேட்கிறது. இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வது இல்லை. திட்டு வாங்குகிறவன் சிரித்து மழுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். பஸ் ஏறியதும் மறுபடியும் எடுக்கிறான்.

பதில் இதுதான். உருப்படுவான். பணம் வைக்காமல் ஆடினால், தூக்கத்தை அடகு வைக்காமல் ஆடினால், தாராளமாக உருப்படுவான். அதுமட்டும் அல்ல. 20 வயதில் பழகிய விளையாட்டை 60 வயதிலும் விடாமல் வைத்திருந்தால் அவனுக்கு லாபம்தான்.

புலியும் ஆடும்

கேள்வி கேட்ட பெரியவர் மட்டும் விளையாடாமலா வளர்ந்தார்?

தமிழ்நாட்டில் பழைய கோவில்களின் மண்டபத் தரையைப் பாருங்கள். கல்லில் கோடு கோடாகக் கீறி வைத்திருப்பார்கள். ஆடு புலி ஆட்டக் கட்டம்! 3 புலி, 15 ஆடு. புலி வெட்டப் பார்க்கும், ஆடு மடக்கப் பார்க்கும். கோவில் வேலைக்கு வந்தவர்களும் சாமி கும்பிட வந்தவர்களும் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அது. பெண்கள் பல்லாங்குழி ஆடினார்கள். மழைக்காலத்தில் திண்ணையில் தாயம் உருண்டது.

அவர்களில் யாரையும் "கல்யாணம் ஆயிட்டது, இனிமே ஆடாதே" என்று யாரும் தடுக்கவில்லை. பேரன் எடுத்தவரும் வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து புலியை மடக்கினார். ஊர் அவரை உருப்படாதவர் என்று சொல்லவில்லை. "கெட்டிக்காரர்யா, அவரிடம் புலி தப்பாது" என்றுதான் சொன்னது.

இப்போது செல்போனில் ஓடுகிற லூடோவும் தாயத்தின் பங்காளிதான். நம் நாட்டுப் பச்சீசி ஆட்டத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய் 1896–ல் இங்கிலாந்தில் லூடோ என்று பேர் பதிவு செய்துகொண்டான். அது ஊர் சுற்றிவிட்டுச் செல்போன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கல்லில் ஆடினால் பாரம்பரியம், கண்ணாடியில் ஆடினால் தரித்திரமா?

45 வயது விளையாட்டுப் பிள்ளைகள்

வீடியோ விளையாட்டு என்றால் சின்னப் பையன்கள் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் "பாங்" என்ற பந்தடி விளையாட்டு வந்தது 1972–ல். ரஷியாவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் "டெட்ரிஸ்" கட்டை அடுக்கும் விளையாட்டை உருவாக்கியது 1984–ல். அந்தக் கட்டைதான் பிறகு திருவிழாக் கடைகளில் பேட்டரி போட்ட சின்னப் பெட்டியாகத் தொங்கியது. டி.வி.யில் கேசட் செருகி ஆடும் விளையாட்டு 1990–களில் நம் ஊர்களுக்கு வந்தது. மீசைக்கார மரியோ காளான் மேல் குதித்ததைப் பார்க்கத் தெருவே கூடியது. 1997–ல் நோக்கியா போனில் பாம்பு நுழைந்தது!

அந்தப் பாம்பை நோக்கியா பட்டனில் ஓட்டிய 20 வயது வாலிபருக்கு இப்போது 45 வயதுக்கு மேல் ஆகிறது. அவர் இன்று ஜவுளிக் கடை வைத்திருப்பார். பேங்கில் கேஷியராக இருப்பார். வாத்தியாராகவும் இருக்கலாம். விளையாட்டை அவர் விடவில்லை. ஆனால் வெளியே சொல்ல வெட்கம். சீட்டுக் கட்டைச் சபையில் விரிக்கிற ஊரில், செல்போன் விளையாட்டைப் பாத்ரூமில் உட்கார்ந்து ஆட வேண்டி இருக்கிறது!

சூதாட்டம் வேறு

இந்த வெட்கத்துக்கும் பெரியவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் பலர். மனைவியின் தாலிக் கொடி அடகுக் கடைக்குப் போனது. கந்து வட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்றான். போலீஸ் நிலையப் புத்தகங்களில் இந்தக் கதைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022–ல் குழு அமைத்து விசாரித்த பிறகு, தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2025–ல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்று விதி போட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. விதி செல்லும் என்று சென்னை ஐகோர்ட்டு அந்த ஆண்டு ஜூன் 3–ந் தேதி தீர்ப்புச் சொன்னது.

அடுத்து ஆகஸ்டு மாதம் பாராளுமன்றமே சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. அது யார் காதிலும் விழவில்லை. பணம் வைக்காத விளையாட்டுகளையும், போட்டியாக நடத்தும் மின்–விளையாட்டுகளையும் அதே சட்டம் தனியாகப் பிரித்து, அவற்றை வளர்க்க வேண்டும் என்று சொல்கிறது. சர்க்காருக்கே இரண்டும் வேறு என்று தெரிந்துவிட்டது. வீட்டில் மட்டும் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மகன் காசில்லாமல் ஆடிய கார் ரேசைப் பிடுங்கி வைத்துவிட்டு, ராத்திரி போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ரம்மி ஆடிய அப்பாக்கள் உண்டு!

டாக்டர் கைக்கு வந்த வேகம்

சரி, லாபம் என்ன? கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அது ஆபரேஷன் தியேட்டர்களுக்குப் போகிறது. அந்த ஆபரேஷன் தியேட்டர் சங்கதிதான் இது.

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷன் இப்போது சாதாரணம். கண் திரையில் இருக்கும், கை வேறு இடத்தில் இருக்கும். லேசான வேலை அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஜேம்ஸ் ராசர் என்ற சர்ஜன் 33 டாக்டர்களை வைத்துச் சோதனை செய்தார். முடிவு 2007–ல் வெளிவந்தது.

முன்பு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ விளையாட்டு ஆடிய டாக்டர்கள், ஆடாதவர்களைவிடப் பயிற்சி ஆபரேஷனில் 37 சதவீதம் குறைவாகத் தப்புச் செய்தார்கள். 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள்!

33 பேர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டினால் கை வந்ததா, கை உள்ளவன்தான் விளையாடப் போனானா என்றும் கேட்கலாம். ஆனால் ஸ்பின்னிங் மில்லில் அறுந்த இழையைக் கண்ணால் பார்த்த நொடியில் விரலால் பிடித்து முடிகிறவருக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியது இல்லை. கண்ணும் கையும் பழகப் பழகத்தான் ஒன்று சேரும். அது எந்த வழியில் பழகினால் என்ன?

90 வயதுப் பாட்டி

வயதானவர்கள் சங்கதிக்கு வருவோம்.

ஜப்பானில் ஹமாகோ மோரி என்று ஒரு பாட்டி. 1930–ல் பிறந்தவர். வீடியோ விளையாட்டைத் தொட்டபோது அவருக்கு 51 வயது! பிள்ளைகள் மட்டும் விளையாடுவது என்ன நியாயம் என்று தோன்றியதாம். ஆரம்பித்தவர் விடவே இல்லை. தான் ஆடுவதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். உலகத்திலேயே வயதான விளையாட்டு யூடியூபர் என்று 90–வது வயதில், 2020–ல், கின்னஸ் புத்தகம் அவர் பேரைப் போட்டது.

பாட்டி ஒருத்தி கதை போதாது என்றால் விஞ்ஞானமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆடம் கசாலி என்பவரின் குழு 60 வயது முதல் 85 வயது வரை உள்ளவர்களை உட்கார வைத்தது. வளைந்து வளைந்து போகும் ரோட்டில் கார் ஓட்ட வேண்டும். நடுவில் தோன்றும் அடையாளங்களில் குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் பட்டனைத் தட்ட வேண்டும். ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம்தான் பயிற்சி. அதன் பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதில், பயிற்சி இல்லாத 20 வயதுப் பிள்ளைகளையே தாத்தாக்களும் பாட்டிகளும் தோற்கடித்தார்கள். 6 மாதம் கழித்தும் அந்தத் திறமை போகவில்லை. 2013–ல் "நேச்சர்" பத்திரிகையில் வந்த செய்தி இது.

அது இதற்காகவே தயார் செய்த விளையாட்டு. மிட்டாய் வெடித்தால் மறதி போகும் என்று யாரும் மருந்துக் கடை போர்டு மாட்ட வேண்டாம். ஆனால் 60 வயது மூளை பழகாது என்ற பேச்சு அன்றோடு அடிபட்டது.

மில்லில் 58 வயதில் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரை நினைத்துப் பாருங்கள். முப்பது வருஷம் சங்குச் சத்தத்துக்கு எழுந்தவர். திடீரென்று பகல் முழுவதும் காலி. டீக்கடை பெஞ்சில் எத்தனை நேரம் உட்காருவார்? டி.வி. சீரியலை வெறுமனே பார்க்கிறார். அதை யாரும் திட்டுவது இல்லை. அவரே செல்போனில் செஸ் ஆடினால், "வயசான காலத்திலே பொம்மை வச்சு விளையாடுறாரு" என்று மருமகள் சிரிக்கிறாள். சீரியலில் அவர் செய்ய ஒன்றும் இல்லை. செஸ்சில் அடுத்த காயை அவர்தான் நகர்த்தியாக வேண்டும்.

தோற்றுப் பழகு

சோதனைக் கூடத்தில் அளக்க முடியாத லாபம் ஒன்றும் உண்டு. தோல்வி!

பரீட்சையில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு. வியாபாரத்தில் தோற்றால் கடை போச்சு. விளையாட்டில் ஒரு நாளைக்கு 20 தடவை செத்தாலும் 21–வது தடவை எழுந்து ஓடலாம். எந்தப் பள்ளத்தில் விழுந்தோம் என்று யோசித்து, அடுத்த தடவை அங்கே குதிக்கிறான் பையன். மார்க்கு ஐந்து குறைந்ததற்காகப் பிள்ளைகள் விபரீத முடிவுக்குப் போகிற காலம் இது. தோற்றுத் தோற்று எழுந்து பழக, செலவில்லாத இடம் வேறு எங்கே இருக்கிறது?

துணையும் ஒரு லாபம். மகன் திருப்பூரிலோ துபாயிலோ வேலை செய்கிறான். போன் பேசினால் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்ப்பா" – அதற்கு மேல் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. அதே இரண்டு பேரும் செல்போனில் கேரம் ஆடினால் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். "ஏலே, சிவப்பைப் போட்டுட்டு பாலோ போடலையே நீ!" 2020 ஊரடங்கில் லூடோ வீட்டுக்கு வீடு நுழைந்தது இப்படித்தான்.

தமிழ்க் குடும்பக் கதையே ஒரு விளையாட்டாக வந்து, உலக மேடையில் பரிசு வாங்கியது பலருக்குத் தெரியாது. "வெண்பா" என்று பேர். கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, அவள் கணவன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து போயிருக்கிறது. இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்று விளையாடுகிறவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023–ல் வெளியிட்டது. 2024–ல் இங்கிலாந்தின் பாப்டா பரிசு கிடைத்தது. தமிழே தெரியாத வெள்ளைக்காரப் பையன்கள் இட்லித் தட்டு அடுக்கப் பழகிக்கொண்டார்கள்!

எங்கே நிறுத்துவது?

அளவு மீறினால் கேடு. இதில் வாதம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு வெறியை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நிறைய ஆடுகிறவன் எல்லாம் நோயாளி என்று அது சொல்லவில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லை, வேலை கெடுகிறது, குடும்பம் கெடுகிறது, அப்படியும் ஆட்டம் தொடர்கிறது, அதுவும் ஒரு வருஷம் போல நீடிக்கிறது என்றால்தான் நோய்.

ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 2022–ல் சுமார் 39 ஆயிரம் பேரின் ஆட்ட நேரத்தை எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை மணி நேரம் என்பதால் மனநிலை பெரிதாகக் கெடவும் இல்லை, உயரவும் இல்லை. ஆசைப்பட்டு ஆடுகிறவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுகிறவர்கள் நன்றாக இல்லை. வீட்டில் பார்க்க வேண்டியது இதைத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறானா? எரிந்து விழுகிறானா?

ஓசி விளையாட்டு என்று சொல்லி உள்ளே இழுத்துவிட்டு, துப்பாக்கி வாங்கு, சட்டை வாங்கு என்று பணம் கேட்கும் தந்திரமும் நடக்கிறது. யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கும் அப்பாக்கள் இன்றைக்கே அதை மாற்றிவிடுவது நல்லது.

லூடோவை அந்தத் தொல்லை இல்லாமலும் ஆடலாம். நெட்டு கூட வேண்டாம். ஒரே செல்போனை நாலு பேர் சுற்றிச் சுற்றிக் கொடுத்து ஆடலாம். ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் காய் வைத்தால், விருதுநகர் வருவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். எதிர் சீட்டுப் பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயம் ஆடிய கை அவருக்கு.