அம்மையாரின் இரண்டு உருவங்கள்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் பவனி வரும்போது, காரைக்கால் வீதிகளில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் இடமுண்டு. பிள்ளை வரம் வேண்டுபவருக்குக் கைக்கு எட்டிய பழமே பிரசாதம். இவர்கள் கொண்டாடுவது காரைக்கால் அம்மையாரான புனிதவதியை, வணிகர் வீட்டு மணப்பெண்ணை.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே அம்மையாரின் 13ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியோ ஒரு சாண் உயரப் பேய் உருவம். வற்றிய மார்பு, புடைத்த எலும்பு, கையில் தாளம். சேக்கிழார் இரண்டு கோலங்களையும் பாடியிருக்கிறார். ஊர் மணப்பெண்ணை எடுத்துக்கொண்டது. உலகக் கலை ரசிகர்கள் பேயை எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமும் கனியும் குடும்பங்களை வீதிக்கு இழுத்துவரும், சுடுகாட்டுத் தவம் இழுக்காது என்பது என் கணிப்பு.

உருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டுமல்ல, படைப்பதிலும் பலர் சேர்கிறார்கள். கலையை ஒரு தனி மேதையின் படைப்பாகப் பார்க்காமல் பலருடைய கூட்டுவேலையாகப் பார்க்கச் சொன்னார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் (‘ஆர்ட் வேர்ல்ட்ஸ்’, 1982). மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகம் வார்க்கும் சுவாமிமலைப் பட்டறைக்குள் நுழைந்தவருக்கு இது புதுச் செய்தியல்ல. பழந்தமிழ் நாடகத்தை அதன் சமூகத்தோடு சேர்த்து இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி ஆராய்ந்த நூல் வெளிவந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு 1960களில் கருத்துக்கணிப்பு நடத்தி, ரசனை வர்க்கத்தையும் படிப்பையும் ஒட்டியே அமைகிறது என்றார். அந்த அளவுகோல் நம் கடற்கரையில் பாதிதான் பொருந்தும். இங்கே ரசனையைவிட உரிமைதான் பெரிது. யாருக்குப் பரிவட்டம், யாருக்கு மண்டகப்படி, யார் தோள் கொடுப்பது? மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்று அழைத்துச் சுமக்கிறார்கள். தங்கள் குலப்பெண் பத்மினியை அவர் மணந்தார் என்பது ஐதீகம். சிலை அழகாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டால், ‘மாப்பிள்ளையைப் பார்த்து இதென்ன கேள்வி’ என்றுதான் தோன்றும்.

இந்த உரிமைக் கணக்கைப் படிக்க அருங்காட்சியகம் வேண்டாம். கோயில் திருவிழாப் பத்திரிகைகள் போதும். எந்த நாள் யார் உபயம் என்று அவற்றில் வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். ஐம்பது ஆண்டுப் பத்திரிகைகளை அடுக்கி வைத்தால் எந்தக் குடும்பம் எப்போது விலகியது, எந்தச் சங்கம் எப்போது நுழைந்தது, சிங்கப்பூர்ப் பணம் எந்த நாளைப் பிடித்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருவிழா முடிந்ததும் பெரும்பாலும் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன.