ஒரே வாரத்தில் நாலு பருவமா?

ஹொக்கைடோ போகப் பணம் கட்டிய நம் வயதுக்காரர்களிடம் அந்த விளம்பரத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ஊதா நிற லாவெண்டர் வயல், எதிர்ப்பக்கம் பனிச் சிற்பம். ஃபுரானோ லாவெண்டர் ஜூலையில். சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரியில். ஒரே பயணத்தில் இரண்டையும் எப்படி ஐயா காட்டுவார்கள்?

அடுத்த புளுகு, "சின்னத் தீவு" என்பது. சுமார் 83,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடலில் பனிக்கட்டி மிதந்து வரும் அபாஷிரிக்குச் சப்போரோவிலிருந்து ரயிலில் 5 மணி நேரத்துக்கு மேல்.

"குளிருக்குத்தானே போகிறோம்" என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் அட்லஸ் புரட்டியவன் சொல்கிறேன்: சப்போரோ ஏறத்தாழ மார்சேய் இருக்கும் அட்சரேகையில்தான் இருக்கிறது. அதை நம்பி ஒரு ஸ்வெட்டரோடு கிளம்பிவிடாதீர்கள். சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டுகிறது. ஒரு குளிர்காலத்தில் விழும் பனி சுமார் 5 மீட்டர். நடைபாதை இறுகிக் கண்ணாடியாகிவிடும். முட்டி மாற்றியவர்களைப் பிப்ரவரியில் அங்கே கூட்டிப்போவது அநியாயம்.

ஜூனில் போகலாம். ஜப்பானின் மற்றப் பகுதிகள் மழையில் நனையும்போது ஹொக்கைடோ பெரும்பாலும் தப்பிவிடும். என் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கு. தைசெத்சுசான் மலையில் இலைகள் சிவந்திருக்கும். வீட்டுக்காரி மட்டும் லாவெண்டரை விட்டு இறங்கி வருவதாக இல்லை.